ஸ்பெல்-செக்கர் போட்டதும் 4,000 எச்சரிக்கை வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பத்துப் பேர் கொண்ட டீம், பைத்தானும் டைப்ஸ்கிரிப்டும் கலந்த ஒரே ரெப்போ (மொத்தக் கோடும் இருக்கும் சேமிப்பிடம்), மார்க்டவுனில் ஆவணங்கள், செயலியின் திரையில் வரும் தமிழ் வாசகங்களும் அதே இடத்தில். கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் சிஐயில் ஒரு ஸ்பெல்-செக்கரைப் போட்டீர்கள், முதல் ஓட்டத்திலேயே 4,000 சொச்சம் எச்சரிக்கை, இரண்டு வாரத்தில் யாரோ அந்த வரியை கமென்ட் ஆக்கி அணைத்துவிட்டார்கள். வேறு நல்ல கருவி இருக்கிறதா, இல்லை கோடுக்கு எழுத்துப்பிழை பார்ப்பதே வீண் வேலையா என்பது கேள்வி.

வீண் வேலை இல்லை. நீங்கள் போட்ட கருவியும் மோசமானது இல்லை. இரண்டாவதாகப் போட வேண்டியதை முதலில் போட்டுவிட்டீர்கள், அதுவும் மொத்த ரெப்போவுக்கும் ஒரே நாளில். டீமில் எல்லாரும் படித்துப் பார்க்கிற அளவுக்கு எச்சரிக்கை குறைவாக இருந்தால்தான் இந்த வகைக் கருவி நிலைக்கும். பத்தில் எட்டு பொய்யாக இருந்தால் மீதி இரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள். எந்தக் கருவியை எங்கே வைப்பது என்ற முடிவெல்லாம் இதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் இது ஏன் வேண்டும் என்று சொல்கிறேன், ஏனென்றால் டீமில் நிச்சயம் ஒருவர் "கம்பைலருக்கு ஸ்பெல்லிங் தெரியாது, ஓடினால் போதும்" என்பார். பிழை அசிங்கமாகத் தெரிகிறது என்பதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் தேடல். கோடில் நாம் நாள் முழுக்கச் செய்வது தேடுவதுதான், எழுத்து மாறினால் தேடல் பொய் சொல்லும். ஒரு முறை இரவு ஒன்றரை மணிக்கு, வாடிக்கையாளரிடம் பணம் பிடித்தமாகியும் ஆர்டர் பதிவாகாத ஒரு கேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து தகவல் வந்ததும், நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் எங்கள் லாக்கில் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் ஒரு வரி விழ வேண்டும். தேடினேன், ஒன்றுமே இல்லை. தகவல் வரவேயில்லை என்று முடிவு கட்டி, தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்பக்க இன்ஜினியரை எழுப்பி, அவர் அனுப்பியாயிற்று என்று சொல்ல, நான் வரவில்லை என்று சொல்ல, முக்கால் மணி நேரம் ஓடிப்போனது. கடைசியில் கூட இருந்தவர் ஆர்டர் எண்ணை வைத்துத் தேடினார். வரி அங்கேயே இருந்தது. சி-க்கு அப்புறம் 'இ, ஐ' என்று வர வேண்டிய இடத்தில் 'ஐ, இ' என்று இருந்தது, அவ்வளவுதான். அந்த வரியை எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சரி, கருவிகளுக்கு வருவோம். எத்தனை பெயர் சொன்னாலும் அடிப்படையில் இவை இரண்டு குடும்பம்தான், இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

முதல் குடும்பம் சரியான சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எல்லாவற்றையும் பிழை என்று சொல்லும். இது பழைய வழி. 1975-இல் யுனிக்ஸில் ஸ்டீவ் ஜான்சன் ஒரே பிற்பகலில் எழுதிய 'ஸ்பெல்' இப்படித்தான் வேலை செய்தது: கோப்பில் உள்ள சொற்களையெல்லாம் தனித்தனியாகப் பிரி, வரிசைப்படுத்து, ஒரே சொல் திரும்ப வந்தால் எடுத்துவிடு, அகராதியோடு ஒப்பிடு, மிச்சத்தை அச்சிடு. பிறகு டக் மெக்கில்ராய் அதை எடுத்து, அன்றைய இயந்திரத்தின் 64 கிலோபைட் நினைவகத்துக்குள் அகராதி அடங்கும்படி மெருகேற்றினார். உரைநடைக்கு இது அருமையான வழி. கோடுக்கு வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் கோடில் பாதிச் சொற்கள் எந்த அகராதியிலும் இருக்காது. லைப்ரரி பெயர், சுருக்கெழுத்து, கம்பெனிக்குள் மட்டும் புழங்கும் பெயர், டெஸ்ட் டேட்டாவில் நாம் போட்ட கார்த்திக், மதுரை, திருநெல்வேலி எல்லாமே அதற்குப் பிழைதான். உங்கள் 4,000 வந்தது இங்கேயிருந்துதான்.

இரண்டாவது குடும்பம் தலைகீழ். இது தவறான சொற்களின் பட்டியலை வைத்திருக்கும். மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் திருத்தம். பட்டியலில் இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. இவ்வளவு எளிய வழி எப்படி வேலை செய்கிறது என்றால், நாம் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை. 1964-இலேயே ஃபிரெட்ரிக் டாமராவ் பிழைகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் நான்கே வகைக்குள் அடங்கும் என்று எழுதினார். ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும், ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று வரும், அல்லது பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறும். அதனால் ஒரே சொல்லில் ஒரே பிழையை உலகம் முழுக்க எல்லாரும் செய்கிறோம், அதைப் பட்டியல் போட முடிகிறது. லினக்ஸ் கர்னல்கூட இந்த வழியில்தான் போகிறது. அதன் சோர்ஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரில் ஸ்பெல்லிங் என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு இருக்கும், இடப்பக்கம் பிழை, இரண்டு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் திருத்தம். டெபியன் லினக்ஸின் லின்டியன் என்ற சோதனைக் கருவியிலிருந்து எடுத்து, பொய்யாக அடித்தவற்றை நீக்கி, கர்னலில் கண்ணில் பட்டவற்றைச் சேர்த்து வளர்த்த பட்டியல் அது. பேட்ச், அதாவது கோட் மாற்றம், அனுப்புமுன் ஓட்டும் செக்பேட்ச் என்ற கருவி அதைத்தான் படிக்கிறது.

உங்கள் நிலைமைக்கு இந்த இரண்டாவது குடும்பத்தில் தொடங்குங்கள். அதில் நான் தினமும் பயன்படுத்துவது இரண்டு: கோட்ஸ்பெல், டைபோஸ்.

கோட்ஸ்பெல் பைத்தானில் எழுதியது. பைத்தானின் நிறுவியான பிப் வழியாகப் போட்டு, ரெப்போவின் உள்ளே நின்று பெயரை அடித்தால் போதும், ஓடிவிடும். அதனுள் பல பட்டியல்கள் உண்டு. ஐயமில்லாத பிழைகள் ஒன்று, அகராதியில் இருந்தாலும் அரிதாகவே வரும் சொற்கள் ஒன்று, இந்த இரண்டும்தான் தானாக இயங்கும். முறைசாராச் சொற்கள், பிரிட்டிஷ் எழுத்தை அமெரிக்க எழுத்தாக்குவது போன்றவை கேட்டால்தான் வரும், முதல் மாதம் கேட்காதீர்கள். ஒரு பிழைக்கு இரண்டு மூன்று திருத்தம் சாத்தியம் என்றால் தானியங்கித் திருத்தத்தில் அது கை வைக்காது, உங்களிடமே விட்டுவிடும். இது நல்ல குணம். பொய் எச்சரிக்கை வருவது பெரும்பாலும் குட்டிச் சொற்களில். 'என்-டி' என்று இரண்டெழுத்தில் ஒரு வேரியபிள் வைத்தால் அதை 'அண்ட்' என்ற சொல் தேய்ந்துபோனது என்று நினைத்துக்கொள்ளும், 'டி-இ'யைப் பார்த்தால் 'தி' என்ற சொல்லோ என்று கேட்கும். அப்படி வருபவை ஒரு ரெப்போவில் பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது, அவற்றைப் பைத்தான் திட்டத்தின் அமைப்புக் கோப்பான பைப்ராஜெக்ட் டாம்லில் விலக்குப் பட்டியலாக எழுதிவிடுங்கள். நோட்-மாட்யூல்ஸ், லாக்-கோப்புகள், மினிஃபை செய்த ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைத் தாண்டிப் போகும்படியும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கோட்ஸ்பெல் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடிக்கோடு போட்டுச் சேர்த்து எழுதிய பெயரை அது ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். 'ரிசீவ்ட்' என்று பிழையோடு தனியாக கமென்டில் இருந்தால் பிடிக்கும், அதே பிழை 'ரிசீவ்ட் அடிக்கோடு அட்' என்று ஒரு வேரியபிளுக்குள் இருந்தால் பேசாமல் தாண்டிவிடும். நடுவில் பெரிய எழுத்து போட்டு ஒட்டும் கேமல்-கேஸ் பெயருக்கும் இதே கதைதான். அதாவது கமென்ட், லாக் வாசகம், ஆவணம் இவற்றை நன்றாகப் பார்க்கும், பெயர்களுக்குள் இறங்காது. இதைக் குறை என்று சிலர் சொல்கிறார்கள். முதல் நாளுக்கு இது வரம் என்பேன், ஏனென்றால் பெயர்களைத் தொடாத கருவி எதையும் உடைக்க வாய்ப்பு குறைவு.

டைபோஸ் ரஸ்டில் எழுதியது, மிக வேகம், பெரிய ரெப்போவையும் சில நொடிகளில் முடித்துவிடும். இது பெயர்களைப் பிரித்துப் பார்க்கும். அடிக்கோட்டில் வெட்டும், கேமல்-கேஸில் வெட்டும், வெட்டிய துண்டுகளைப் பட்டியலோடு ஒப்பிடும். கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளைப் பட்டியலிடும் கிட்-இக்னோர் கோப்பை மதிக்கும், ஹாஷ், யுயுஐடி மாதிரியான எழுத்துக் குவியல்களைத் தானே விட்டுவிடும். தனிச் சொல்லை விலக்கவும் ஒரு முழுப் பெயரை விலக்கவும் தனித்தனி இடம் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு மூன்றாம் தரப்பு லைப்ரரியில் ஃபங்ஷன் பெயரே பிழையாக இருந்தால், அந்த ஒரு பெயரை மட்டும் அனுமதித்துவிட்டு, அதே பிழை வேறு எங்கு வந்தாலும் பிடிக்கச் செய்யலாம்.

இரண்டில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்றால் சிஐக்கு டைபோஸ். ஆனால் முதல் துப்புரவை கோட்ஸ்பெல்லில் செய்யுங்கள். அது பெயர்களுக்குள் இறங்காது என்பதுதான் காரணம், அது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் கோப்பைத் தானே திருத்தி எழுதிவிடும் வசதி உண்டு, ஒரு எழுத்து கூடுதலாக அடித்தால் போதும். அதை முழு ரெப்போவின் மேல் ஓட்டாதீர்கள், தயவுசெய்து. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், நல்ல ஆர்வமான பையன், ஒரு வியாழக்கிழமை மாலை இதைச் செய்தான். 200-க்கு மேற்பட்ட கோப்புகள் மாறின. அதில் சர்வர் மொபைல் செயலிக்கு அனுப்பும் ஜேசன் தரவின் ஒரு ஃபீல்டு, 'டிரான்ஸ்ஃபர்ட்' என்ற சொல் இரண்டு 'ஆர்' வர வேண்டிய இடத்தில் ஒரே 'ஆர்' உடன் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. கருவி அதைச் சரியாகவே திருத்தியது. சர்வர் கோடில் திருத்தியது, அதைச் சோதிக்கும் டெஸ்டிலும் திருத்தியது, டெஸ்ட் படிக்கும் மாதிரிக் கோப்பிலும் திருத்தியது. அதனால் எல்லா டெஸ்டும் பச்சை. ரிவ்யூ செய்தவர் தலைப்பில் 'டைப்போ ஃபிக்ஸ்' என்று பார்த்து, முதல் இருபது கோப்பைப் பார்த்து, எல்லாம் கமென்ட்தான் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஆனால் மொபைல் செயலி வேறு ரெப்போ, ஏற்கெனவே மக்களின் ஃபோனில் இருக்கிறது, அது ஒரு 'ஆர்' உள்ள பெயரைத்தான் தேடுகிறது. கிடைக்கவில்லை என்றால் பூஜ்யம் என்று காட்டும்படி யாரோ எழுதியிருந்தார்கள். மறுநாள் காலை பணம் அனுப்பிய எல்லார் திரையிலும் அனுப்பிய தொகை பூஜ்யம். பையனைத் திட்டிப் பயனில்லை. கருவியை எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று அவனுக்குச் சொல்லாத எங்கள் எல்லார் மேலும்தான் தப்பு.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வரிசை இது. கமென்டும் ஆவணமும் தானாகத் திருந்தலாம். பயனர் திரையில் வரும் வாசகத்தையும் லாக் வாசகத்தையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும், ஏனென்றால் அந்த லாக் வரியை நம்பி எங்காவது ஓர் அலாரம் வைத்திருப்பார்கள். உள்ளுக்குள் மட்டும் புழங்கும் பெயர் என்றால் எடிட்டரின் ரீநேம் வசதியால் மாற்ற வேண்டும், ஸ்பெல்-செக்கரால் அல்ல. வெளியே போய்விட்ட பெயர், அதாவது ஏபிஐ ஃபீல்டு, டேட்டாபேஸ் நெடுவரிசை, சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்), யூஆர்எல், கியூவில் போகும் செய்தியின் பெயர், இவையெல்லாம் எழுத்துப்பிழை என்ற வகையிலேயே வராது. அவை ஒப்பந்தம். மாற்ற வேண்டுமானால் கொஞ்ச காலம் பழையதையும் புதியதையும் இரண்டையும் அனுப்பி, உள்ளே வரும்போது இரண்டையும் ஏற்று, பழையதை யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் எடுக்க வேண்டும். தரவைப் பைனரியாக்கி அனுப்பும் புரோட்டோபஃப் வைத்திருக்கிறவர்கள் பைனரியில் ஃபீல்டு எண்தான் போகிறது, பெயரை மாற்றலாம் என்று நினைப்பார்கள். பைனரிக்கு அது சரி, அதையே ஜேசனாக மாற்றி அனுப்பும் இடம் ஒன்று இருந்தால் அங்கே பெயர்தான் போகும், உடையும்.

உலகிலேயே பெரிய உதாரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் எச்டிடிபி ஹெடரான 'ரெஃபரர்', நடுவில் ஓர் 'ஆர்' குறைந்து, 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற எண் கொண்ட இணைய ஆவணத்தில் அப்படியே பதிவாகிவிட்டது. இன்று வரை ஒவ்வொரு பிரவுசரும் அந்தப் பிழையோடுதான் அனுப்புகிறது. பின்னால் வந்த 'ரெஃபரர்-பாலிசி' ஹெடர் சரியான எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் எழுதும்போது ஒன்றில் பிழையாகவும் இன்னொன்றில் சரியாகவும் எழுத வேண்டியிருக்கிறது. இன்னொன்று, சர்வர்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படும் ஜிஆர்பிசி. அதன் நிலைக்குறியீட்டுப் பட்டியலில் 'கேன்சல்ட்' இரண்டு 'எல்' போட்டது, ஆனால் கோ மொழியின் ஜிஆர்பிசி பேக்கேஜில் அதே நிலையின் பெயர் ஒரு 'எல்' தான். இரண்டெழுத்து வடிவை ஒற்றையெழுத்து வடிவோடு இணைக்கும் வரியில், இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பொருள்படும் 'சிக்' என்ற குறிப்பை கமென்டாகவே போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சின்ன கமென்ட் எத்தனை நல்லெண்ணத் திருத்தங்களைத் தடுத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் ரெப்போவிலும் இப்படிப் பிழையோடு வாழ வேண்டிய பெயர்கள் சில இருக்கும். அவற்றை விலக்குப் பட்டியலில் சேர்க்கும்போது ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தொடவே கூடாத கோப்புகள் என்று சில உண்டு. வேறு யாரோ எழுதி நாம் நகல் எடுத்து வைத்திருக்கும் கோட், தானாக உருவான கோப்பு, லைசென்ஸ் உரை, பிழையோடு வந்த உள்ளீட்டைச் சோதிக்கவே எழுதிய டெஸ்ட். இவற்றோடு டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்பையும் சேருங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைக்ரேஷன்களை ஓட்டும் ஃப்ளைவே மாதிரிக் கருவி ஒவ்வொரு மைக்ரேஷனுக்கும் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண், வைத்திருக்கும். ஏற்கெனவே ஓடிய கோப்பில் ஒரு கமென்டில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் செக்சம் மாறும், அடுத்த டெப்ளாய் நின்றுவிடும்.

இந்த முதல் துப்புரவு முடிந்து, சிஐயில் டைபோஸ் ஒரு மாதம் சத்தமில்லாமல் ஓடிய பிறகு, முதல் குடும்பத்துக்குத் திரும்பலாம். அதில் கோடுக்கென்றே செய்தது சி-ஸ்பெல். விஎஸ் கோடில் 'கோட் ஸ்பெல் செக்கர்' என்ற பெயரில் பலர் போட்டிருப்பதும் இதே இன்ஜின்தான். பெயர்களைப் பிரிக்கும், நான்கு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளை இயல்பாகவே விட்டுவிடும், பைத்தான், டைப்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகளுக்கும் பொதுவான மென்பொருள் சொற்களுக்கும் அகராதிகளைக் கூடவே கொண்டுவருகிறது. பிழைப் பட்டியலில் இல்லாத புதுப் பிழையை இதுதான் பிடிக்கும்.

இதை ரெப்போவுக்குள் கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன், ஒரு மதியம் போதும். தெரியாத சொற்களை மட்டும் அச்சிடும்படி ஓட்டி, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்துங்கள். 4,000 எச்சரிக்கை என்பது சில நூறு தனிச்சொல்லாகச் சுருங்கிவிடும். மேலே, நாற்பது ஐம்பது முறை வருபவை உங்கள் துறையின் சொற்கள், உள் சேவைகளின் பெயர்கள், கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் சேர்க்கலாம். கீழே, ஒரே ஒரு முறை வருபவைதான் பெரும்பாலும் பிழைகள். நடுவில் மூன்று நான்கு முறை வருபவற்றைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நகல் எடுத்து ஒட்டிய பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். சேர்க்கும் சொற்களை ஒரே குவியலாகப் போடாமல் துறைச் சொற்கள் ஒரு கோப்பு, ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் ஒரு கோப்பு என்று அகரவரிசையில் வையுங்கள். நம் பெயர்கள் எதுவும் அதற்குத் தெரியாது, அந்தக் கோப்பு வேகமாக வளரும், அது பரவாயில்லை. அகராதி ரெப்போவுக்குள்ளேயே இருக்கட்டும், அதில் ஒரு சொல் சேர்ந்தாலும் ரிவ்யூவில் தெரிய வேண்டும். எடிட்டரில் மஞ்சள் பல்பை அழுத்தினால் 'யூசர் அகராதியில் சேர்' என்றும் கேட்கும், அதை அழுத்தினால் சொல் உங்கள் மெஷினில் மட்டும் சேரும், உங்களுக்குப் பச்சை, சிஐயில் சிவப்பு. புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

சிஐயில் இதை மொத்த ரெப்போவுக்கும் ஓட்ட வேண்டாம், ரிவ்யூவுக்கு வரும் அந்தப் புல் ரிக்வெஸ்டில் மாறிய கோப்புகளுக்கு மட்டும் ஓட்டினால் போதும். அதுவும் முதலில் ஆவண ஃபோல்டருக்கு மட்டும். கோடுக்கு எடிட்டரிலேயே அடிக்கோடு காட்டுவது போதுமானது என்பது என் அனுபவம், எழுதும்போதே கண்ணில் பட்டால் அந்த நொடியே திருத்திவிடுவோம், சிஐ வரை போய்த் திரும்பி வந்தால் எரிச்சல்தான். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் இது கூடவே வருகிறது. விம் பயன்படுத்துபவர்களுக்கு 2006-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கிறது. ஈமேக்ஸில் ஃப்ளைஸ்பெல்லின் புரோக் மோடு கமென்டையும் ஸ்ட்ரிங்கையும் மட்டும் பார்க்கும்.

எந்தப் பட்டியலும் பிடிக்காத பிழை ஒன்று உண்டு: சரியான சொல், தவறான இடம். 'ஃப்ரம்' என்று எழுத வந்து 'ஃபார்ம்' ஆகிவிடுவது, 'மேனேஜர்' என்பதில் நடு 'ஏ' விழுந்து மாட்டுத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகிவிடுவது. இரண்டாவது மாதிரியானவற்றுக்கு வழி இருக்கிறது, உங்கள் மென்பொருளில் மாட்டுத்தொட்டி வரவே வராது என்றால் சி-ஸ்பெல்லில் அந்தச் சொல்லைத் தடைப் பட்டியலில் போட்டுவிடலாம். முதலாவதற்கு மனிதக் கண்தான்.

ஆவணங்களுக்கு இன்னொரு கருவி இருக்கிறது, வேல் என்று பெயர், கோ மொழியில் எழுதியது. இது எழுத்துப்பிழையோடு நிற்காது, நடையையும் பார்க்கும். மார்க்டவுன், ஆஸ்கிடாக், எச்டிஎம்எல் என்று மார்க்கப்பைப் புரிந்துகொள்வதால் கோட் பிளாக்கைத் தானே விட்டுவிடும். கூகுள், மைக்ரோசாஃப்ட் நடைவழிகாட்டிகள் தயாராகக் கிடைக்கும், ஆனால் அவற்றை அப்படியே போட்டால் மறுபடி உங்கள் 4,000 கதைதான். நான் செய்வது, டீமில் உண்மையிலேயே சண்டை நடந்த பத்துச் சொற்களை மட்டும் விதியாக எழுதுவது. 'சைன் இன்' என்பதா 'லாக் இன்' என்பதா, பொருளின் பெயரில் எந்த எழுத்து பெரியது, இந்த அளவுக்கு. பத்தும் பழகிய பின் பதினொன்றாவது.

நம் பக்கத்து டீம்களில் தனியாக வரும் ஒரு தொல்லை: பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்து, சிஎஸ்எஸ் பேசுவது அமெரிக்க எழுத்து. 'கலர்' என்பதில் 'யு' போட்டுப் பழகிய கை ஸ்டைல் கோப்பில் 'யு' இல்லாமல் எழுத வேண்டும், 'கேன்சல்ட்' டேட்டாபேஸில் ஓரிடத்தில் ஒரு 'எல்', இன்னோரிடத்தில் இரண்டு 'எல்' என்று சேர்ந்துவிடும், அப்புறம் நிலையை ஒப்பிடும் கண்டிஷன் பொய்யாகப் போகும். எது என்று முதலில் முடிவு செய்யுங்கள், கோடுக்கு அமெரிக்க எழுத்து என்று வைத்துக்கொள்வதே எளிது. முடிவு செய்த பிறகு டைபோஸிலும் சி-ஸ்பெல்லிலும் வட்டாரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அவை கவனித்துக்கொள்ளும்.

பெரிய துப்புரவு கமிட்டால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட்டின் பிளேம் கெட்டுப்போகும் என்று உங்கள் சீனியர் சொல்வாரானால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் 2019-இல் வந்த கிட் 2.23 முதல் அதற்கு வழி இருக்கிறது. திருத்த கமிட்டில் வேறு எந்த மாற்றமும் சேர்க்காமல் தனியாக வைத்து, அதன் ஹாஷை, பிளேமில் தாண்ட வேண்டிய கமிட்கள் என்ற கோப்பில் எழுதிவிட்டால், பிளேம் அந்த கமிட்டைத் தாண்டி முந்தைய ஆளைக் காட்டும்.

கடைசியாகத் தமிழ் வாசகங்கள். மேலே சொன்ன எந்தக் கருவியும் இதற்கு உதவாது, ஆங்கில ஓட்டத்திலிருந்து அந்த ஃபோல்டரை விலக்கிவிடுங்கள். முதலில் எல்லாவற்றையும், ஒரே எழுத்தை எங்கும் ஒரே விதமாகச் சேமிக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். 'கொ' என்பதைக் 'க'வோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், திரையில் ஒன்றுபோல் தெரியும், ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் வேறு வேறு. என்எஃப்சி இதைச் சரிசெய்துவிடும். ஆனால் 'கௌரவம்' என்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு, க, அதன்பின் ளகரம் என்று அடித்து 'கெளரவம்' ஆக்கியிருந்தால் என்எஃப்சிக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின் ளகரம் வந்தால் பிழை என்று விதி எழுதலாமே என்று நானும் முயன்றேன், 'வெள்ளம்', 'வெள்ளி' எல்லாம் மாட்டிக்கொண்டன. இதற்குச் சொல் பட்டியல்தான் வேண்டும். தமிழில் ஒரு சொல்லுக்குப் பின்னால் வேற்றுமையும் பன்மையும் 'உம்'மும் அடுக்கடுக்காக ஒட்டுவதால் வெறும் பட்டியலும் போதாது. ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி அதே மாதிரி ஒட்டுகள் நிறைந்த ஹங்கேரிய மொழிக்காகப் பிறந்தது என்பதால் அதன் தமிழ் அகராதி ஓரளவு கைகொடுக்கும். நீச்சல்காரன் செய்த வாணி எழுத்துப்பிழைக்கும் நாவி சந்திப்பிழைக்கும் பயன்படும். வாசகக் கோப்பு சில நூறு வரிதான் இருக்கும் என்பதால் வெளியீட்டுக்கு முன் மொத்தத்தையும் அவற்றில் ஒட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகம் வருவதைத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், எழுத்தாக மட்டும் கொடுக்காமல் அது வரும் திரையின் படத்தோடு சேர்த்துக் கொடுங்கள். 'சேமி' பட்டனாக வருகிறதா தலைப்பாக வருகிறதா என்று தெரியாமல் யாராலும் அதைச் சரிபார்க்க முடியாது.